பழவேற்காட்டு ஏரியில் மீன் ஏன் குறைந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கு ஏரி இறால் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சொல்லிவைப்பார்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்வருவது எனக்கு இருபது வருஷப் பழக்கம். முன்பெல்லாம் இரண்டு தெர்மக்கோல் பெட்டி நிறைய வரும். இப்போது ஒரு பெட்டி பாதி நிறைந்தாலே பெரிய விஷயம். “ஏன் தம்பி, காசை வாங்கிக்கினு போறே, பாதியைத் திருப்பிக் குடுக்கறே?” என்று மாடிவீட்டு அக்கா கேட்டதில் ஆரம்பித்தது. அப்புறம் தெருவே கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். நான் மீன்வளம் படித்தவன் இல்லை. ஏரிக்காரர்களிடம் கேட்டது, படித்தது, கண்ணால் பார்த்தது எல்லாம் இதில் கலந்திருக்கும்.

கேள்வி: தண்ணீர் உப்பு கரிக்கிறது. அதை எப்படி ஏரி என்கிறீர்கள்?

எல்லோரும் ஏரி என்பதால் நானும் ஏரி என்கிறேன். சரியாகச் சொன்னால் அது காயல், உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனைதான் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்து 250-லிருந்து 450 சதுர கிலோமீட்டர் வரை பரப்பு மாறும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர்தான். பல இடங்களில் நடுஏரியில் ஆள் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. பரப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இவ்வளவு அகலமான, இவ்வளவு மேலோட்டமான தண்ணீரில் ஒரு சாண் மண் சேர்ந்தாலே பெரிய மாற்றம்.

கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக்கொண்டு நிற்கிறது. தெற்கிலிருந்து ஆரணியாறும் வடமேற்கிலிருந்து காளங்கியாறும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. கடல் தண்ணீர் உள்ளே வருவதும் ஏரித் தண்ணீர் வெளியே போவதும் முகத்துவாரம் வழியாக. நம் பக்கம் பழவேற்காடு முகத்துவாரம், ஆந்திரப் பக்கம் ராயதொருவு போன்ற இடங்கள். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதிலெல்லாம் சுலபமாகப் புரியும்.

கேள்வி: நிஜமாகவே குறைந்துவிட்டதா? வயசானவர்கள் எப்போதும் “அந்தக் காலத்துல” என்றுதானே சொல்வார்கள்?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. எங்கள் ஆயா சொல்லும் கதையில் மடவை மீன் தானாகப் படகுக்குள் குதிக்கும். மடவை துள்ளும் மீன்தான், அதனால் அதையும் முழுப்பொய் என்று தள்ள முடியாது.

நான் எடையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், வேறு இரண்டைப் பார்க்கிறேன். முதலாவது, கூடையில் என்ன கலந்திருக்கிறது என்பது. முன்பு ஒரு கூடையைக் கவிழ்த்தால் வெள்ளை இறால், வரி இறால், மடவை, கிழங்கான், ஓரா, கெளுத்தி, நடுவில் கால் கட்டாத ஒரு பச்சை நண்டு என்று பல சாதி விழும். இப்போது இரண்டு மூன்று சாதியோடு முடிந்துபோகிறது. கொடுவா கண்ணில் பட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். இரண்டாவது, எத்தனை நேரம் போட்டு எடுத்தார்கள் என்பது. அதே அளவு இறாலுக்கு அதிக நேரம், அதிக வலை, அதிக டீசல் என்றால், தராசு அதே எடை காட்டினாலும் ஏரியில் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டுக்காரர் சொல்வார்: “மீனு கொறையல நைனா, எங்க தூக்கந்தான் கொறைஞ்சிருச்சி.” கேலியாகச் சொல்வதுதான், ஆனால் விஷயம் முழுக்க அதில் இருக்கிறது.

கேள்வி: பாட்டுக்காரர் என்றால் பாடுகிறவரா?

இல்லை! பாடு என்பது ஏரியில் வலை போடும் உரிமையை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. இறாலுக்குப் பெயர்போன இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கின்றன. அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான். அதனால் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்க்காரர்கள் இடத்தையும் நாளையும் பங்கு போட்டு, சீட்டு எடுத்து, முறைப்படி சுத்துவலை கட்டுகிறார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் விழுந்தால் அடுத்த முறை எனக்கு. இந்த முறையைப் பார்க்க வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பாட்டில் எல்லோருக்கும் இடமில்லை என்பதும், உரிமை இல்லாத ஊர்களுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு என்பதும் வேறு கதை.

கேள்வி: முகத்துவாரம் அடைபட்டுவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. கடல் மூடினால் ஏரி மீனுக்கு என்ன?

இதுதான் தலையாய கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஏரி மீன் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை ஏரியில் பிறந்தவை இல்லை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சு சில வாரம் கடலில் மிதந்து, நூல் மாதிரி இருக்கும்போது ஏத்தத் தண்ணீரோடு, அதாவது கடல் ஏறி உள்ளே வரும் தண்ணீரோடு, முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. ஏரியின் சேற்றிலும் பாசியிலும் சில மாதம் தின்று வளர்கிறது. பெரிதானதும் வத்தத் தண்ணீரோடு, அதாவது இறங்கி வெளியே போகும் தண்ணீரோடு, மறுபடி கடலுக்குக் கிளம்புகிறது. அது கிளம்பும் ராத்திரியில் வழியில் நிற்பதுதான் சுத்துவலை. மடவையும் கடலில்தான் முட்டையிடும். பச்சை நண்டில் பெட்டை முட்டையைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். கொடுவாவும் அப்படித்தான், வளர்வது உள்ளே, இனம் பெருக்குவது வெளியே. ஆக இந்த ஏரி ஒரு தாய்வீடு மாதிரி கூட இல்லை, ஹாஸ்டல் மாதிரி. பிள்ளைகள் வெளியிலிருந்து வரவேண்டும், படித்து முடித்து வெளியே போகவேண்டும். நம் பக்கத்தில் வாசல் கதவு ஒன்றுதான்.

அந்தக் கதவை மணல் சாத்திவிட்டால் மூன்று கெடுதல். குஞ்சு உள்ளே வராது. வளர்ந்தது வெளியே போய் இனம் பெருக்காது, அதனால் அடுத்த வருஷக் குஞ்சும் குறையும். மூன்றாவதுதான் யாருக்கும் சட்டென்று தோன்றாதது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் சித்திரை வெயிலில் ஆவியாகி, கடலைவிட அதிகமாக உப்பேறிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்று யோசித்துப்பாருங்கள். ஒரு கோடையில் பழவேற்காட்டுப் பாலத்துக்கு அப்பால், தண்ணீர் வற்றிய ஓரத்தில், வெள்ளையாகப் பூத்த உப்பின் மேல் விரல் நீளத்துக்கு மடவைக் குஞ்சுகள் காய்ந்து ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். உரித்தால் கையோடு உப்புத்தகடும் சேர்ந்து வந்தது. வளர்ந்திருந்தால் ஒரு வலைக்கு உண்டான மீன்.

கேள்வி: சரி, அந்த மணல் எங்கிருந்து வருகிறது? யார் கொண்டுவந்து கொட்டியது?

யாரும் கொட்டவில்லை. நம் கிழக்குக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். போகிற வழியில் முகத்துவாரத்திலும் கொஞ்சம் உட்காரும். அதைத் தள்ளிவிடுவது ஆற்றுவெள்ளம். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறு புரண்டு வந்தால் ஒரே ராத்திரியில் வாயைத் திறந்துவிடும். மழை பொய்த்த வருஷம் வாய் மூடிக்கொள்ளும். துறைமுகங்கள் வருவதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது இரண்டு மாறியிருக்கின்றன. ஆற்றில் வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆரணியாற்றுக்கு மேலே பிச்சாட்டூரில் அணை, கீழே வழிநெடுகத் தடுப்பணைகள். எண்ணூருக்கு வரவேண்டிய கொசஸ்தலையாற்றை 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக் குடிநீருக்காகப் பிடித்துவைக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான் நானும், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் கழிமுகத்துக்கும் தாகம் உண்டு என்பதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இன்னொன்று கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகள். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை வீடும் தெருவும் கடலுக்குள் போயின. எங்கள் ஊரில் கடற்கரை என்று இன்றைக்கு இருப்பது பாறாங்கல்தான். எண்ணூரில் 2001-ல் காமராஜர் துறைமுகம் வந்தது, பிறகு அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். நடந்துவரும் மணலை இவை தெற்கே தேக்கும், வடக்கே பட்டினி போடும். கருங்காலி, கோரைக்குப்பம் பக்கம் கடலரிப்பு என்று செய்தி வருவது இதனால்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தைக் கேட்டதும் பழவேற்காட்டுக் குப்பங்கள் கொதித்ததற்கும் இதே காரணம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒல்லியான ஒரு மணல்திட்டு. அது அறுந்தால் ஏரி என்று ஒன்று இருக்காது.

கேள்வி: எண்ணூரில் சாம்பலும் எண்ணெயும் கொட்டினால் அது பழவேற்காடு வரைக்குமா போகும்?

எண்ணூர் கழிமுகமும் பழவேற்காட்டு ஏரியும் உள்ளுக்குள் ஒட்டியவை. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் இணைக்கிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. படகு போன வழியில் மற்றவையும் போகும்.

எண்ணூரில் நடப்பது மூன்று தினுசு. அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். குழாய் பழசு. உடையும் இடத்திலெல்லாம் சாம்பல் கூழ் ஆற்றில் இறங்கிப் படிகிறது. முழங்கால் அளவு புதையும் சாம்பல்சேற்றில் இறால் எப்படிப் பதுங்கும்? அடுத்தது, குளிரூட்டப் பயன்பட்ட வெந்நீர் கழிமுகத்தில் விழுகிறது. இறால் குஞ்சுக்குச் சூடு ஆகாது. மூன்றாவது எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, வாளியால் அள்ளிக்கொண்டிருந்தவர்களை நாடே டிவியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கியது. எண்ணூர் குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் படகு, வலை, வீட்டுச்சுவர் எல்லாவற்றிலும் இடுப்புயரத்துக்குக் கருப்புக்கோடு. எனக்குத் தெரிந்த ஒருவர் புது வலையை மூன்று முறை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொளுத்திப்போட்டார்.

பழவேற்காட்டு ஏரி நடுவில் அந்த எண்ணெயை நான் பார்க்கவில்லை. ஆனால் எண்ணூரில் பிழைப்பு போனவர்கள் எங்கே போவார்கள்? வடக்கே ஏரிக்குத்தான். அந்த வழியிலும் பழவேற்காட்டுக்குச் சுமை கூடுகிறது.

கேள்வி: காக்கா ஆழி என்கிறார்களே, அது என்ன?

என் கணக்கில், கடந்த சில வருஷத்தில் ஏரிக்கு வந்த பெரிய வியாதி இதுதான். ஆழி என்றால் ஓட்டுக்குள் இருக்கும் உயிர், மட்டிக்கு உறவு. இது காக்கை நிறத்தில் கருப்பாக இருப்பதால் காக்கா ஆழி. பூர்வீகம் தென் அமெரிக்கப் பக்கம். கப்பல்கள் சரக்கு இல்லாதபோது நிலையாக மிதக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். இங்கே சரக்கு ஏற்றும் முன் அதைக் கொட்டும். அந்தத் தண்ணீரில் குஞ்சாக வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். முதலில் எண்ணூரில் தலைகாட்டியது, இப்போது பழவேற்காடு வரை பரவியிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போயிருக்கிறது.

கையில் எடுத்துப்பார்த்தால் சாதுவான பிராணி. கட்டைவிரல் அளவு இருக்கும். ஆபத்து அதன் கூட்டத்தில்தான். ஒன்றோடொன்று நூல்விட்டு ஒட்டிக்கொண்டு ஆற்றின் தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். படகில் போகும்போது ஒரு மூங்கில் கழியை ஊன்றச் சொன்னார்கள். சேற்றில் கழி சத்தமில்லாமல் இறங்க வேண்டும். “கரகர” என்று சத்தம் வந்தது, உடைந்த ஓட்டாஞ்சில்லுக் குவியலில் குத்தியதுபோல. இழுத்துப் பார்த்தால் கழி நுனியில் பத்துப் பதினைந்து கொத்தாகத் தொங்கின.

அந்தப் பாய்க்குக் கீழே என்ன ஆகும்? இறால் பகலில் சேற்றுக்குள் பதுங்கும் சாதி. சேறே மூடிக்கொண்டால் பதுங்க இடமில்லை. நம் ஊர் மட்டி சேற்றுக்குள்ளேயே வாழ்வது, அது மூச்சடைத்துப் போகிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இவை வடிகட்டித் தின்றுவிடுவதால் மற்றவற்றுக்குச் சாப்பாடும் குறைகிறது.

இதில் அதிகம் அடிபட்டது இருளர்கள். படகும் வலையும் இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, முட்டி போட்டபடியே நகர்வார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் தலையைக் கிள்ளிப் பறிக்குள் போடும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. அத்திப்பட்டுப் பக்கம் ஒரு அம்மா தன் இரண்டு கையையும் எனக்கு விரித்துக் காட்டினார். விரல் நுனி, உள்ளங்கை, முழங்கால் எல்லாம் பிளேடால் கீறியதுபோல வெள்ளைக் கோடுகள். “எறா எங்க இருக்குதுன்னு எங்க கைக்குத் தெரியும் தம்பி. இப்ப கைய வைக்கவே பயமா இருக்குது” என்றார். நான் என்ன சொல்வது, பேசாமல் நின்றேன்.

கேள்வி: அள்ளி வெளியே போட்டுவிட்டால் தீராதா?

அள்ளுகிறார்கள். அள்ளியதை ஆற்றங்கரையிலேயே குவித்தால் அடுத்த வெள்ளத்தில் திரும்பவும் உள்ளே. முட்டையும் குஞ்சும் தண்ணீரில் மிதந்து பரவுவதால் ஒரு மூலையில் மிச்சமிருந்தாலும் மறுபடி கிளம்பிவிடும். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் நிறைய வந்து உப்பு குறைந்தால் ஓரளவு மடியும் என்று ஏரிக்காரர்கள் நம்புகிறார்கள். திரும்ப ஆற்றுத்தண்ணீர் கதைக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

கேள்வி: மற்றவர்களைக் குறை சொல்வது இருக்கட்டும். மீனவர்களே வழித்து எடுத்துவிட்டார்கள் என்பது பொய்யா?

முழுப்பொய் இல்லை. கண்ணி சின்னதாக உள்ள வலையில் குஞ்சும் சேர்ந்து வருகிறது. பொடி இறாலை வாங்க ஆள் இருப்பதால் அதையும் விற்கிறார்கள். நானே வாங்கியிருக்கிறேன், பொடி இறால் வறுவலுக்கு மயங்காத வடசென்னைக்காரன் உண்டா? அந்தக் கால வலை பருத்திநூல், கனமானது, சீக்கிரம் மக்கும். நைலான் வந்த பிறகு வலை மலிவு, நீளம் அதிகம். ஏரியை நம்பும் குடும்பங்களும் பெருகிவிட்டன.

ஆனால் இதையே முதல் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் நாளும் இடமும் வரையறுத்து, ஒரு நாள் பிடித்தால் பல நாள் காத்திருந்த ஊர்கள் இவை. கதவு திறந்து, தண்ணீர் ஓடி, சேறு சேறாக இருந்தவரை இத்தனை பேர் பிடித்தும் ஏரி ஈடுகொடுத்தது. வழித்து எடுப்பது என்பது பெரும்பாலும் குறைந்த பிறகு நடப்பது. பத்து ரூபாய் கிடைத்த இடத்தில் ஐந்து ரூபாய் கிடைத்தால் இரண்டு மடங்கு வலை விடுவார்கள், வேறென்ன செய்வார்கள்?

கேள்வி: இறால் பண்ணைகள்?

1990-களில் ஏரியைச் சுற்றி நெல்வயலும் உப்பளமும் பண்ணைக் குட்டையாக மாறின. அப்போது வரி இறால் குஞ்சை ஏரியிலும் கரையோரத்திலும் கொசுவலையால் வடித்துப் பண்ணைக்கு விற்றார்கள். ஒரு குஞ்சுக்காக வடிக்கும்போது கூட வந்த மற்ற மீன்குஞ்செல்லாம் மணலில் போனது. பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகள் மடிந்தன. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் தனிச் சட்டம் வந்தது. பண்ணைகள் போய்விடவில்லை, குட்டைக்கழிவு இன்றும் கால்வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. இப்போது வளர்ப்பது பெரும்பாலும் வனாமி இறால், அதற்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வருவதால் ஏரியில் வடிக்கும் வேலை இல்லை.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் ரோடும் காரணம் என்கிறார்களே?

சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் ரோடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நடுவே மதகுகள் இருந்தாலும் தண்ணீர் முன்போல் தாராளமாக வடக்கும் தெற்கும் ஓடாது. அந்தப் பக்கம் கோடையில் தரை வெடித்துக் கிடப்பதைக் காரில் போகிறவர்களே பார்க்கலாம்.

கேள்வி: புழல், ரெட்டேரியிலும் மீன் கெட்டுப்போனதற்கு இதேதான் காரணமா?

இல்லை, அவை நன்னீர். அங்கே கதை ஆகாயத்தாமரையும் சாக்கடையும். ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும், அதனால் அது மட்டும் மிஞ்சுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000-லிருந்தே வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன், ஆனாலும் குளங்களில் புகுந்து மற்றதைத் தின்கிறது. குளத்துக் கெளுத்தி என்று கூவி விற்றால் மீசையையும் உடம்புப் புள்ளியையும் நின்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஏரி மீனைச் சாப்பிடலாமா, கூடாதா? கையில் குழந்தை இருக்கிறது.

பழவேற்காட்டு இறாலும் நண்டும் மடவையும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம். எண்ணூர் கழிமுகத்து மட்டியையும் ஆழியையும் நான் வாங்குவதில்லை. ஓட்டுயிர்கள் தண்ணீரை நாளெல்லாம் வடிகட்டுபவை. தண்ணீரில் உள்ள உலோகம், எண்ணெய் எல்லாம் அவற்றின் சதையில் தங்கும். மீனை வெட்டும்போது மண்ணெண்ணெய் வாடை லேசாக அடித்தாலும் வீசிவிடுங்கள். மிளகாய்த்தூள் அதை மறைக்கும், போக்காது.

கேள்வி: கடைக்காரர் ஏரி இறால் என்கிறார். பண்ணை இறாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பண்ணையில் எல்லாம் ஒரே நாளில் விட்டு ஒரே நாளில் பிடிப்பது. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல ஒரே அளவாக இருக்கும். ஏரி வலையில் பெரிது, சின்னது, வேறு சாதி, நடுவில் ஒரு நண்டுக்கால், கொஞ்சம் பாசி என்று கலந்து வரும். ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: முகத்துவாரத்தைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் கல் போட்டு நிரந்தரமாகத் திறந்துவைக்கும் திட்டம் வந்ததே. இனி சரியாகிவிடுமா?

குஞ்சு உள்ளே வர வழி கிடைக்கும், படகு தட்டாமல் கடலுக்குப் போகலாம். குப்பங்கள் பல வருஷம் கேட்டுப் போராடிய திட்டம் அது, நான் எதிராகப் பேசமாட்டேன். சும்மா மண்ணை வாரிவிட்டுப் போவது பல தடவை நடந்து, பல தடவை மூடிக்கொண்டதும் உண்மை. ஆனால் கல் தடுப்பு வடக்கே என்ன செய்யும் என்று திருவொற்றியூர்க்காரனிடம் கேட்டால் அவனுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அப்புறம், கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளே தரை முழுக்க காக்கா ஆழி விரித்திருந்தால் வந்த குஞ்சு எங்கே படுக்கும்? ஆற்றில் தண்ணீர் வரவேண்டும், சாம்பல் நிற்கவேண்டும், தரை சுத்தமாகவேண்டும். வாசலுக்கு மட்டும் செலவு செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் என் பெட்டி பாதியாகவேதான் வரும்.

கேள்வி: வர்ற ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா? தூண்டிலும் எடுத்து வரட்டுமா?

வாங்க. நாலரைக்கு மேல் கிளம்பினால் பிரயோஜனமில்லை, ராத்திரி வலை இறால் விடியும்போதே ஏலம் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும், அந்த நாட்களில் வரத்து கொஞ்சம் தேவலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். காசிமேட்டில் மீன் குறையும் என்பதால் ஏரி மீனுக்கு அப்போது விலை எகிறும், அந்த மாதம் வேண்டாம். தூண்டில் கொண்டுவாருங்கள், ஆனால் பாடு கட்டியிருக்கும் இடத்தில் போடாதீர்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள். கிழங்கான் ஒன்றிரண்டு மாட்டலாம். ஏரிக்குள் இறங்குவதாக இருந்தால் மட்டும் பழைய செருப்பைக் கழற்றாமல் இறங்குங்கள். போன தடவை என் மச்சான் வெறுங்காலோடு இறங்கி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.